தொட்டால் குளிர்ந்தது

ஒரெஜினா ஏற்றத்தில் மூன்றாவது திருப்பம்.
அங்கேதான் தினமும் முள் சிவப்புக்குப் போகும்.
ஜெனோவாவில் சமதளம் என்று ஒன்று
துறைமுகத்துக்கு அப்பால்தான் உண்டு;
அதுவும் கப்பல்களுக்கு.

ஸ்கூட்டரை ஓரங்கட்டினேன். இருக்கைக்கு அடியிலிருந்து
பாஸ்தா வடிக்கிற மாதிரி ஆவி.
பின்னால் வந்த பேருந்து ஹார்ன் அடித்துத் தீர்த்தது.
ஹெல்மெட்டை மதில்மேல் வைத்துவிட்டு
இருபது நிமிடம் கடலைப் பார்த்தேன்.
வேலைக்குப் போகிறவளுக்குக் கடல்
இருபது நிமிடம் அதிகம்.

மெக்கானிக் ட்ராவெர்ஸோ வண்டியைத் தொடவில்லை.
கையிலிருந்த காப்பியைக் குடித்து முடித்து
"ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எழுநூறு யூரோ" என்றார்.
"வித்துடு" என்றான் டுல்லியோ,
ரொட்டி நறுக்குவதை நிறுத்தாமல்.

எனக்கு வேலை ரத்தம் எடுப்பது.
தொடாமல் நோய் சொல்கிறவர்களை
நான் நம்புவதில்லை.

ஞாயிறு. கட்டிடத்து முற்றம்.
எண்ணெய் மூடியைத் திறந்தேன்:
பால் கலந்த நிறம் இல்லை, சுத்தமான கறுப்பு.
கூலண்ட் தொட்டியிலும் குமிழி இல்லை.
எழுநூறு யூரோ பிழைத்தது.
பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தேன்,
ஃபேன் சுற்றியது,
மூன்றாம் மாடிக்காரரின் நாய்மேல் புழுதி வாரியடித்து.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தேன்.
முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.
ரேடியேட்டரில் கை வைத்தேன்.

குளிர்ந்திருந்தது.

அங்கே தொண்டைவரை கொதிக்கிறது;
ஒரு முழம் தள்ளி, ஜனவரி மாதத்துக்
கைப்பிடிச் சுவர் மாதிரி சில்லென்று இது.
சூடு இருக்கிறது. ஆற்றிக்கொள்ள இடமும் இருக்கிறது.
இடையில் தூது போகவேண்டியது எதுவோ
போகவில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அடுப்பில் வேகவைத்தேன்,
ஜாம் காய்ச்சும் தெர்மாமீட்டர் பக்கத்தில்.
"அது நியோக்கி பாத்திரம்" என்றான் டுல்லியோ.
எழுபது. எழுபத்தைந்து.
எண்பத்திரண்டில் பித்தளை வாய் மெல்லப் பிளந்தது.
எப்போது வந்து குனிந்தான் தெரியவில்லை,
கண்ணாடியெல்லாம் ஆவி படிய
"திறக்குது" என்றான்.
இருவரும் ஒரே பாத்திரத்துக்குள் பார்த்து
எத்தனை நாளாயிற்று என்று எண்ணத் தொடங்கி
விட்டுவிட்டேன்.

மீதி பம்ப் மட்டும்.
மூடிக்கு நான்கு ஸ்க்ரூ. மூன்று வந்தன.
நான்காவது தலை மழுங்கி
ஒரு மணி நேரத்தையும் ஒரு நகத்தையும் எடுத்துக்கொண்டது.
உள்ளே பிளாஸ்டிக் சக்கரம், ஆறு இதழ்,
ஒன்றுகூட உடையவில்லை. அழகாக இருந்தது.
எனக்கு அழுகை வந்தது.

சும்மா விரலால் தள்ளினேன்.
சுற்றியது.

அணைந்த எஞ்சினில் அது சுற்றக் கூடாது.
அச்சு அசையவே இல்லை,
சக்கரம் மட்டும் என் விரலோடு வந்தது.
அப்படியென்றால் இத்தனை நாளும்
அச்சு உயிரைக் கொடுத்துச் சுழன்றிருக்கிறது,
இது "சரி சரி" என்று தலையாட்டியபடி
நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது.

டுல்லியோவைப் பார்த்தேன்.
"என்ன?" என்றான்.
"ஒண்ணுமில்லை."

புதியது பத்தொன்பது யூரோ, ரப்பர் வளையம் சேர்த்து.
நீலக் கூலண்ட் ஊற்றி, மேலே இருந்த
சின்னத் திருகைத் தளர்த்தினேன்.
சிரிஞ்சைத் தட்டிக் குமிழி எடுத்துப் பழகிய கை,
அவசரப்படவில்லை.
இருமியது, துப்பியது, மறுபடி இருமியது,
பிறகு அறாத நீல இழை.

கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் சுட்டது.
விரலை உதறிக்கொண்டே அவன் கையைப் பிடித்து
அதன்மேல் வைத்தேன்.
முற்றம் முழுக்கக் கேட்கும்படி
ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு சிரித்தான்.

திங்கள் காலை மூன்றாவது திருப்பத்தில்
முள் பாதியில் நின்று யோசித்தது,
ஃபேன் கிளம்பியது, முள் இறங்கியது.
பேருந்து எனக்குப் பின்னால் தான் திணறிக்கொண்டிருந்தது.

பாத்திரம் இன்னும் தொட்டியில் கிடக்கிறது.
யார் தேய்ப்பது என்று
முடிவாகவில்லை.